மூன்றுக்கு நான்கு அடி

ஜனவரி 19, திங்கள்
சனிக்கிழமை தஞ்சாவூரில் கருத்தரங்கு. கடைமடையில் ஏறும் உப்பைப் பற்றி ஏ0 அளவில் சுவரொட்டி வைக்க வேண்டும். 84.1க்கு 118.9 சென்டிமீட்டர். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை அப்படியே எடுத்து ஒட்டினேன்: 1,400 சொற்கள், தலைப்பே மூன்று வரி. உழைப்பு தெரிகிறது என்று எனக்குப் பெருமைதான்.

ஜனவரி 20
திருவாரூர்க் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் கடை. அண்ணன் அடிக்கணக்கில்தான் பேசுவார். அவருக்கு ஏ0 என்பது மூன்றுக்கு நான்கு, 12 சதுர அடி. திரையைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இதை நின்று படிப்பார்களா, உட்கார்ந்து படிப்பார்களா?” என்றார். உள்ளே மஞ்சள் நீராட்டு விழாவும் கண்ணீர் அஞ்சலியும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. யார், என்ன, எப்போது என்று இரண்டையும் வாசலிலிருந்தே படித்துவிட்டேன். கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடே வீட்டுக்கு வந்து வெட்ட உட்கார்ந்தேன்.

ஜனவரி 21
350 சொற்கள் மிச்சம். தலைப்பு: ‘மண்ணில் உப்பு, கதிரில் பதர்’. மூன்று அட்டவணைகள் போய் ஒரே வரைபடம். மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் சரியத் தொடங்கும், அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு. உள்ளே வரும் எழுத்தின் அளவு 28 பாயிண்ட். நிலப்படத்தில் நெரிசலாக இருந்த ஏழு ஊர்களை நீக்கினேன். கல்லூரிச் சின்னத்தை மட்டும் ஆய்வு வழிகாட்டி ஐயா சுருக்க விடவில்லை.

ஜனவரி 22
அச்சு வந்தது, மூன்று இடத்தில் அடி. கடையின் பழைய மென்பொருளுக்கு யூனிகோட் பிடிபடவில்லை. ‘நெல்’லின் ஒற்றைக்கொம்பு ‘ந’வை விட்டுப் போய் ‘ல்’லுக்கு முன்னால் நின்றது. வயல் படம் வாட்ஸப்பில் வந்தது, அகலம் 1280 பிக்சல். அதை 40 சென்டிமீட்டருக்கு இழுத்ததில் அங்குலத்துக்கு 81தான் தேறியது. குறைந்தது 150 வேண்டும். திரையில் மின்னிய நாற்றுப் பச்சை அச்சில் காய்ந்த வாழைச்சருகு. திரை ஒளியால் காட்டுகிற பச்சைகளில் சில அச்சின் நான்கு மைக்குள் அடங்காதாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அண்ணன்.

ஜனவரி 23
எழுத்துகளை வடிவங்களாக மாற்றி பிடிஎஃப் ஆக்கினேன். கேமராவிலிருந்து மூலப்படம். பச்சையைக் கொஞ்சம் அடக்கினேன். ஃப்ளெக்ஸில் குழல்விளக்கு பளிச்சிடும் என்பதால் இந்த முறை மங்கலான தாள். சுருட்டிப் போட அப்பா பம்புசெட் குழாயில் ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

ஜனவரி 24, தஞ்சாவூர்
பேராசிரியர்கள் சிவப்புக் கோட்டருகே நின்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் மட்டும் நிலப்படத்தில் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். தலைஞாயிறு பக்கத்து விவசாயி. “எங்கள் ஊர் எங்கேம்மா?”

நான் நீக்கிய ஏழில் ஒன்று. பையிலிருந்து பேனாவை எடுத்து, அவர் காட்டிய இடத்தில் புள்ளி வைத்துப் பெயரை எழுதினேன். மங்கலான தாள், மை பிடித்துக்கொண்டது.