6 கிலோ ஸ்பிரிங்கை கழட்டிட்டு 4 கிலோ போட்ட கதை

நம்ம ஸ்விஃப்ட் காருக்கு முன்பக்கம் 6 கிலோ ஸ்பிரிங் (அதாவது 1 மில்லிமீட்டர் அமுங்க 6 கிலோ வெயிட் வேணும்) போட்டு சென்னை பக்கத்துல இருக்குற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல ஓட்டினப்போ செம்மையா இருந்துச்சு, ஆனா வீட்டுக்குத் திரும்பி வர்ற வழியில ஒவ்வொரு ஒட்டு ரோட்டுலயும் டயர் தரையில நிக்காம குதிக்குது, ஈர ரோட்டுல பிரேக் புடிக்கவே பயம்.

அப்புறம்தான் உக்காந்து கணக்கு போட்டேன். முன்பக்கம் ஒரு வீல் மேல ஸ்பிரிங் தாங்குற எடை சுமார் 265 கிலோ, ஸ்ட்ரட் வண்டிங்கிறதால (ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணா வீலோட சேர்ந்து நிக்கும்) மோஷன் ரேஷியோ, அதாவது வீல் 1 மில்லிமீட்டர் ஏறினா ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குதுங்கிறது, கிட்டத்தட்ட 1, அப்போ 6 கிலோவுக்கு 2.4 ஹெர்ட்ஸ் வருது, அதாவது ஸ்பிரிங் மேல வண்டி நொடிக்கு 2.4 தடவை மேல கீழ ஆடும்! ரோட்டுக்கும் டிராக்குக்கும் சேர்த்து ஓட்டுற வண்டிக்கு 2-க்குள்ள இருந்தாலே போதும். 4 கிலோன்னா 1.9. டபுள் விஷ்போன் (வீலை மேலயும் கீழயும் ரெண்டு கை புடிச்சிருக்குற அமைப்பு) வண்டி வச்சிருக்கவங்க இந்த நம்பரை அப்படியே எடுக்காதீங்க, அங்க ரேஷியோ 0.7-ன்னா அதோட ஸ்கொயர், பாதி ரேட்தான் வீலுக்குப் போகும்.

ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குதுன்னு பாக்க டேம்பர் (ஷாக் அப்சார்பர்) ராடுல ஒரு கேபிள் டை கட்டி விட்டேன், 4 கிலோவுல டிராக் முடிச்சு பாத்தா பம்ப் ஸ்டாப்புக்கு (கடைசில இடிக்காம தாங்குற ரப்பர்) ஒரு விரல் கீழயே நிக்குது. இன்னும் ரோல் (வளைவுல வண்டி சாயுறது) குறையணும்னா அடுத்து பின்பக்கம் ஆன்டி-ரோல் பார்தான் (ரெண்டு பக்க வீலையும் இணைச்சு சாய்வைக் குறைக்குற கம்பி), ஸ்பிரிங்கைத் தொடமாட்டேன்.