தையல் மெஷினுக்கு உட்காரும்போது எதை உடுத்துவது?

வெளியே உடுத்த லாயக்கில்லாமல் போன துணியெல்லாம் வீட்டுக்கு என்பது, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவின் எழுதாத சட்டம். சமையலுக்கும் துவைப்பதற்கும் அது சரிதான். ஆனால் பிற்பகல்களில் ஆசைக்காகத் தைக்க உட்காரும் எனக்கு அது ஒத்துவருவதில்லை. பொழுதுபோக்கு என்று பெயரே தவிர, உடம்பு அங்கே ஒரே இருப்பில் மணிக்கணக்காக உழைக்கிறது. அந்த இருப்பைப் பார்த்துத்தான் உடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நைட்டியைக் குறை சொன்னால் என் நாத்தனார் சண்டைக்கு வருவார். காற்றோட்டத்தில் அதற்கு நிகரில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் காலால் மிதிக்கும் மெஷினில் அதன் அகலமான கீழ்ப்பகுதி, வலப்புறச் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே புகுந்துகொள்ளும். துணி சிக்காமல் இருப்பதற்காகவே பழைய மெஷின்களில் சக்கரத்தை ஒட்டி ஓர் இரும்புத் தடுப்பு வைத்திருந்தார்கள். பல வீடுகளில் அது கழன்று எங்கோ போய்விட்டது. ஆகவே முழங்கால் வரை நிற்கும் குர்த்தியும் கணுக்காலில் குறுகும் பேன்ட்டும் போதும், துப்பட்டா வேண்டாம். இன்ச் டேப்பும் மார்க்கிங் சாக்கும் வைக்க, பக்கவாட்டில் ஆழமான இரண்டு பைகள் கட்டாயம் வேண்டும்.

துணி விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு நீரை உள்வாங்கி வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டைக்கூடத் தொடாது. 40 டிகிரியை எட்டும் பாலக்காட்டுக் கோடையில், மின்விசிறிக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தாலும், பாலியெஸ்டர் முதுகோடு ஒட்டிக்கொள்வது இதனால்தான். தைத்த மடிப்பை அவ்வப்போது இஸ்திரி போட வேண்டியிருப்பதால் சூட்டையும் நினைக்க வேண்டும்: பருத்தி கருகும், பாலியெஸ்டரோ உருகித் தோலில் ஒட்டும். கரை கிழிந்த குத்தாம்புள்ளிக் கைத்தறி முண்டை வெட்டித் தைத்த ஒரு குர்த்தி என்னிடம் இருக்கிறது. பல சலவைகளில் கஞ்சியெல்லாம் போய், புதுத் துணி எதுவும் தராத மென்மை அதற்கு வந்துவிட்டது.

காலணிக்கு வருகிறேன். வெறுங்காலால் மிதித்தால் வேகம் சொன்னபடி கேட்கும். ஆனால் சிறிது நேரத்தில் இரும்பு மிதியின் பூவேலை உள்ளங்காலில் அப்படியே அச்சாகிவிடும். தடித்த அடியுள்ள செருப்போ மிதியின் அசைவைக் காலுக்கே தெரியவிடாது. எனவே மிதிப்பதற்கு மெல்லிய ரப்பர் செருப்பு, மேசையருகே டைல்ஸ் தரையில் நின்று துணி வெட்டுவதற்குக் குதிகாலைத் தாங்கும் மெத்தென்ற செருப்பு என்று இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன். மார்கழிக் கிழக்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புழுதியை வாரிக்கொண்டு வரும் ஊர் இது என்பதால், தெருவில் போட்ட செருப்பு திண்ணையைத் தாண்டுவதில்லை. தரையில் விரித்த வெள்ளைத் துணியில் ஒரு தடம் பட்டால் போதும், அன்றைய உற்சாகம் தீர்ந்தது. டைல்ஸில் வழுக்குவதால் காலுறை எனக்கு ஆகாது. நடக்கும்போது கீச்சென்று ஒலித்தால், செருப்பின் அடியில் குண்டூசி ஏறியிருக்கிறதா என்று உடனே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மென்மையான ரப்பரை அது மெல்ல மெல்லத் துளைத்து மேலே வந்துவிடும். குதிகால் பக்கத்து வரிகள் தேய்ந்து மறைந்த செருப்பு ஈரத்தரையில் வழுக்கும் என்பதால், வார் நன்றாக இருந்தாலும் அதை மாற்றிவிடுகிறேன்.