கபில் தேவ் கையெழுத்தை வாங்குவதற்கு முன்

கபில் தேவின் கையெழுத்து ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. விசாரிக்க ஆரம்பித்ததும் புதுச்சேரிக்குள்ளேயே இரண்டு பொருட்கள் கிடைத்தன. லாஸ்பேட்டையில் ஒருவர் ஒரு பேட் வைத்திருந்தார். 1983 உலகக் கோப்பை அணியின் பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டது, விலை 28,000 ரூபாய் என்றார். முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில் பழைய ஆட்டோகிராஃப் புத்தகம் இருந்தது. அதில் ஒரு பக்கத்தில் கபிலின் கையெழுத்து மட்டும்.

பேட் பார்க்க அம்சமாக இருந்தது. கண்ணாடிப் பெட்டி, உள்ளே வெல்வெட், ஹாலோகிராம் ஒட்டிய சான்றிதழ். நான் கையெழுத்தைப் பற்றி முதலில் பேசவே இல்லை. எங்கே, எப்போது வாங்கியது என்றுதான் கேட்டேன். 2023-இல், வெற்றியின் நாற்பதாம் ஆண்டையொட்டி நடந்த ஒரு நிகழ்ச்சியில், ஒரே மாலையில் எல்லோரும் போட்டது என்றார். பேட்டில் யஷ்பால் சர்மாவின் பெயரும் இருந்தது. அவர் 2021 ஜூலையிலேயே காலமாகிவிட்டார். அதைச் சொன்னதும், "அவரு மட்டும் முன்னாடியே போட்டிருப்பாருங்க" என்றார். போட்டிருக்கலாம்தான். ஆனால் கேட்கக் கேட்க மாறுகிற கதையை நம்பி இவ்வளவு பணம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சான்றிதழைக் கொடுத்தது யார் என்று பார்த்தால், விற்பவரே நடத்தும் நிறுவனம். அப்படிப்பட்ட சான்றிதழ் வெறும் காகிதம்தான். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் பொருளைச் சோதித்து எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுகின்றன. அந்த எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அந்த ஸ்டிக்கரையும் போலியாக அடிக்கிறார்கள் என்பதால், எண்ணுக்கு எதிரே இருக்கும் விவரமும் கையில் இருக்கும் பொருளும் ஒன்றுதானா என்று பார்த்தே ஆக வேண்டும். 1990களில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் கள்ளக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தபோது, அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால் பந்துகள்கூட அகப்பட்டன. அவர் எதற்குப் பேஸ்பாலில் கையெழுத்துப் போடப்போகிறார் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும்.

பேட் விஷயத்தை முடித்து வைத்தது ஒரு சின்ன வேலை. அவரிடம் இதே மாதிரி இன்னொரு பேட்டும் இருந்தது. இரண்டையும் நேராக வைத்துப் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து போனில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கபிலின் கையெழுத்து மயிரிழைகூட விலகாமல் பொருந்தியது. யாரும் தன் கையெழுத்தை இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி போட முடியாது. கையெழுத்துப் போடும் இயந்திரம், ரப்பர் ஸ்டாம்ப், அச்சு, இவற்றில் ஏதோ ஒன்று. மறுபடி போய் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மார்க்கர் மை, பேட் செய்யும் வில்லோ மரத்தில் பட்டால் மரத்தின் ரேகையோடு கொஞ்சம் கசியும். இங்கே ஓரமெல்லாம் வெட்டியது போல இருந்தது. கறுப்புக் கோட்டுக்குள் நுணுக்கமான வண்ணப் புள்ளிகள் தெரிந்தன. அச்சேதான். பேட்டில் வீரரின் கையெழுத்தை அலங்காரமாக அச்சிட்டு விற்பது வெகுகால வழக்கம், அதில் தப்பில்லை. அதையே கையால் போட்டது என்று விற்பதுதான் மோசடி.

முத்தியால்பேட்டை வீட்டில் இருந்தது ஒரு வயதான அம்மா. புத்தகம் அவருடைய காலஞ்சென்ற கணவருடையது. ரோஸ், பச்சை, மஞ்சள் என்று கலர் கலராகத் தாள் வைத்த அந்தக் காலத்துப் புத்தகம். முன்பக்கங்களில் கல்லூரி நண்பர்கள் 1986 மார்ச்சில் எழுதிய பிரிவு வாழ்த்துகள். அப்புறம் ஒரு பச்சைத் தாளில் கபிலின் கையெழுத்து, அதன் கீழே கணவரின் கையில் 'சேப்பாக்கம், 21-9-86'.

"ஞாயித்துக்கெழம விடியக்காலைல பஸ் புடிச்சுப் போனாரு தம்பி. ராத்திரி வந்து என்னை எழுப்பிக் காட்டுனாரு" என்றார்.

தேதியை நாட்காட்டியில் பார்த்தேன்; ஞாயிற்றுக்கிழமைதான். அது இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதி 'டை' ஆன டெஸ்ட், செப்டம்பர் 18 முதல் 22 வரை. அந்த ஆட்டத்தில்தான் டீன் ஜோன்ஸ் 210 அடித்தார், கபில் 119 அடித்தார், கடைசியில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆனார். கதையும் தேதியும் ஒத்துப்போயின.

ஆனாலும் கதையை மட்டும் நம்பி வாங்க முடியாது. காந்தி வீதியில் வாட்ச் ரிப்பேர் செய்யும் நண்பரிடம் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை இரவல் வாங்கிப் போயிருந்தேன். பால்பாயின்ட் பேனாவின் குண்டு உருண்ட தடம் தாளில் பள்ளமாகத் தெரிந்தது. வளைவு திரும்புகிற இடங்களில் மை லேசாக விட்டிருந்தது. கடைசிக் கோடு போகப்போக மெலிந்து, பேனா தாளை விட்டு எழும்பிய இடத்தில் நூல்போல முடிந்தது. பார்த்து வரைகிறவன் கோடு அப்படி முடியாது. அவன் மெதுவாக இழுப்பான், நடுவில் நின்று யோசிப்பான். நின்ற இடத்தில் மை பொட்டாகத் தேங்கும், முனை மொட்டையாக நிற்கும். தினம் வாசலில் கம்பிக் கோலம் போடுகிற கைக்கும், படத்தைப் பார்த்துப் பார்த்துப் போடுகிற கைக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. என்னைக் கேட்டால் எழுத்தின் வடிவத்தைவிட வேகத்தைத்தான் பார்க்க வேண்டும். வடிவத்தை யாரும் பழகிக்கொள்ளலாம், வேகம் வராது.

அடுத்த தாளைத் திருப்பி விரலால் தடவினேன். கையெழுத்தின் அழுத்தம் அங்கேயும் இறங்கியிருந்தது. தையல் பிரியவில்லை, தாள் பிறகு சொருகப்பட்டதும் இல்லை. பேனாவும் காலத்துக்குப் பொருந்தியது. இதுவே ஜெல் பேனாவாக இருந்தால் அங்கேயே எழுந்து வந்திருப்பேன்; ஜெல் பேனா ஜப்பானில் 1984-இல்தான் வந்தது, நம்மூர்க் கடைகளுக்கு 90களில்தான் வந்து சேர்ந்தது. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு இதற்கு உதவாது. 1950க்கு முந்தைய தாள் என்று சொல்லி விற்கிற பொருள் அந்த வெளிச்சத்தில் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். 80களின் தாளில் அப்படி ஒளிரும் வெண்மையூட்டும் ரசாயனம் இருப்பது சாதாரணம்.

வடிவத்தைக் கடைசியாகத்தான் ஒப்பிட்டேன். அதற்கும் 80களில் அவர் போட்ட கையெழுத்துகளை மட்டும், பேர்பெற்ற ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களிலிருந்து எடுத்துக்கொண்டேன். வருடம் போகப்போக எல்லோர் கையெழுத்தும் மாறும் என்பதால், இன்றையதை வைத்து அன்றையதை எடைபோடக் கூடாது. இணையத்தில் விற்பனைக்கு வரும் படங்களை மாதிரியாக வைப்பது இன்னும் ஆபத்து. போலியோடு போலியை ஒப்பிட்டுச் சரி என்று சொல்லிவிடுவோம்.

வாங்கிவிட்டேன். பேரம் பேசவில்லை, அம்மா கேட்ட விலை நியாயமாகவே இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துத் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், முன்னும் பின்னும் உள்ள பக்கங்கள்தான் அந்தக் கையெழுத்துக்குச் சாட்சி. நண்பர்கள் எழுதிய வாழ்த்துகளையெல்லாம் படமெடுத்துப் பிரின்ட் போட்டு அவரிடம் கொடுத்தேன். கணவர் எப்படி வாங்கி வந்தார் என்பதை அவர் சொல்லச் சொல்ல அவருடைய மகள் ஒரு தாளில் எழுதினார். அம்மா கையொப்பமும் தேதியும் போட்டார். எனக்குப் பிறகு இதை வைத்திருப்பவருக்கு அந்தத் தாளும் சேர்ந்தே போகும். புத்தகத்தை லேமினேட் செய்யவில்லை, வெயில் படும் சுவரில் மாட்டவும் இல்லை. நம்மூர்க் கடல் காற்றின் ஈரத்துக்குத் தாளில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது.