தோளுக்காகப் பாளையங்கோட்டையில் தங்கியது

கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டை ஒன்றும் தொலைதூரம் இல்லை. அப்படியிருக்க, இயன்முறை சிகிச்சைக்காக (பிசியோதெரபி) அங்கே அறை எடுத்துத் தங்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் ஒருவருக்கும் அது நியாயமாகப் படவில்லை. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமே என்றார்கள். நாள்பட்ட தோள் காயத்துக்கு அந்தப் போக்குவரத்தே பாதி எதிரி என்று விளங்கவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. என்னைப் போல் இருப்பவர்கள் சிலர் இதைப் பற்றிக் கேட்டதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் வலது தோளில் இருப்பது ஒரே ஒரு கோளாறு அல்ல. ஆற்றுப் படித்துறையில் பாசி வழுக்கிக் கையை ஊன்றி விழுந்ததில் மூட்டு நழுவியது. அதை அன்றைக்கே சரியாகப் பொருத்திவிட்டார்கள். ஆனால் மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்களில் ஒன்று பாதி கிழிந்திருந்ததும், கை எலும்பின் தலை உட்காரும் கிண்ணத்தின் விளிம்பில் உள்ள குருத்தெலும்பு வளையம் நைந்திருந்ததும் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரிந்தன. போதாததற்கு எனக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு மூட்டின் உறை தடித்து இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். ஃப்ரோசன் ஷோல்டர் என்று மருத்துவர்கள் சொல்லும் அந்த இறுக்கமும் சில மாதங்களில் வந்து சேர்ந்தது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்கு ஆகாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். இறுகிய உறையை நீட்ட வேண்டும், நழுவிய மூட்டையோ கண்டபடி இழுக்கக் கூடாது. கிழிந்த தசைநாணுக்குப் பலம் ஏற்ற வேண்டும், சுமை கூடினால் கிழிசலும் கூடிவிடும்.

உடம்பிலேயே அதிகத் திசைகளில் அசையக்கூடிய மூட்டு தோள்மூட்டுதான். அந்தச் சுதந்திரத்துக்கு விலையாக அதன் கிண்ணம் மிகவும் ஆழமற்றது; சிறு தட்டில் சாய்த்து வைத்த தேங்காய் போலத்தான் கை எலும்பின் தலை அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதை விழாமல் பிடித்து வைத்திருப்பவை சுற்றிலும் உள்ள நான்கு சிறு தசைகள். கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்குவது ஏறத்தாழ 180 டிகிரி அசைவு என்றால், அதில் சுமார் 120 டிகிரியை மூட்டும் மீதி 60 டிகிரியை முதுகில் உள்ள தோள்பட்டை எலும்பும் பகிர்ந்துகொள்கின்றன. மூட்டு இறுகியதும் தோள்பட்டை தன் பங்குக்கு மேல் வேலை செய்யத் தொடங்கும், கழுத்தடித் தசை அதற்குத் துணை போகும், கடைசியில் வலி எங்கிருந்து புறப்படுகிறது என்பதே தெரியாமல் போகும். கரும்பலகையில் மேல் வரியை எழுதக் கையைத் தூக்கும்போதெல்லாம் என் தோள் காது வரை ஏறிக்கொண்டிருந்ததை என் மாணவிகள் கவனித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியவே தெரியாது.

தொடக்கத்தில் ஊருக்கு அருகில் ஓரிடத்தில் சிகிச்சைக்குப் போய்வந்தேன். கரண்ட் வைப்பார்கள், அல்ட்ராசவுண்ட் வைப்பார்கள், மணி அடித்ததும் எழுந்து வரவேண்டியதுதான். கையை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கருவிகளால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். வலியைச் சற்று நேரம் தணித்துப் பயிற்சிக்கு வழிவிடுவது அவற்றின் வேலை. பயிற்சியே இல்லாத இடத்தில் அவை எதற்கு வழிவிடும்? தெரிந்தவர்கள் எல்லாரும் தொக்கணம் போடச் சொன்னார்கள்; உடம்பை அமுக்கிப் பிடித்துவிடும் சித்த வைத்தியமுறை அது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால் எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஆள் பாதி வைத்தியர். எனக்கு அந்த மருத்துவத்தின் மேல் மரியாதை உண்டு. நழுவிய வரலாறு உள்ள மூட்டைப் பக்கத்து வீட்டுப் பேச்சை நம்பி அமுக்க விடும் துணிவுதான் இல்லை.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றி இருக்கும் தெருக்களில் எலும்பு மருத்துவர்களுக்கும் ஸ்கேன் மையங்களுக்கும் குறைவில்லை. அங்கே நான் காட்டிய மருத்துவர், வலி உச்சத்தில் இருந்தவரை தீவிரப் பயிற்சி வேண்டாம் என்று காத்திருக்க வைத்தார். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இறுக்கத்தின் முதல் கட்டத்தில், இரவில் தூங்க முடியாத அளவுக்கு வலி இருக்கும்போது, வலுக்கட்டாயமாக இழுத்துப் பயிற்சி செய்தால் நன்மையைவிடத் தீமையே மிகுதி. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி தணியும், ஆனால் சர்க்கரை சில நாள்களுக்கு ஏறி நிற்கும் என்பதையும் அவர் முன்கூட்டியே சொல்லி, மாத்திரை அளவைப் பற்றி என் சர்க்கரை மருத்துவரிடம் பேசிவிட்டு வரச் சொன்னார். வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகுதான், காலையும் மாலையும் பயிற்சி என்று சில வாரங்கள் தொடர்ந்து செய்யலாம் என்று முடிவாயிற்று.

இரண்டு வேளைப் பயிற்சி என்றதும் பேருந்துப் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. பாபநாசத்திலிருந்து வரும் பேருந்தில் காலை நேரத்தில் உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். நின்றுகொண்டு வந்தால் மேல்கம்பியைப் பிடிக்க எனக்கு இடது கை ஒன்றுதான். சேரன்மகாதேவி தாண்டி ஒரு வேகத்தடையில் ஓட்டுநர் பிரேக்கைப் போட்டால் வலது கை தானாகவே பாய்ந்து எதையாவது பற்றும். அந்த ஒரு வெட்டு இழுப்பு போதும், மூன்று நாள் பயிற்சி வீண். வேய்ந்தான்குளத்தில் உள்ள திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி மறுபடியும் ஒரு நகரப் பேருந்து ஏற வேண்டும். ரயிலில் குலுக்கல் குறைவுதான், ஆனால் எங்கள் ஸ்டேஷனில் பெட்டியின் படி உயரத்துக்குக் கைப்பிடியை இழுத்துத்தான் ஏற முடியும்.

பாளையங்கோட்டையிலேயே பெருமாள்புரத்தில் என் மதினி வீடு இருக்கிறது. அங்கே தங்கவில்லை என்று அவர்களுக்கு இன்றும் மனத்தாங்கல். "எங்க வீட்டுச் சோறு ஒனக்கு எறங்காதோ?" என்று போனில் கேட்டார்கள். அவர்கள் என்னைத் தாங்கு தாங்கு என்று தாங்குவார்கள் என்பது தெரியும். அவர்கள் அடுப்படியில் நிற்கும்போது நான் சும்மா உட்கார்ந்திருக்கமாட்டேன் என்பதும் தெரியும். குக்கரை இறக்குவது, மாவு வாளியைத் தூக்குவது, கொடியில் சேலை போடுவது எல்லாம் தோளுக்கு ஆகாத வேலைகள். பெண்களுக்குத் தோள் ஆறாமல் நீண்டுபோவதற்குக் காரணம் தேடுகிறவர்கள் ஸ்கேனைப் பார்த்த பிறகு அடுப்படியையும் ஒரு நடை பார்க்கலாம். சிகிச்சை நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு மாடி அறையும் மெஸ் சாப்பாடும் எனக்குப் போதுமாக இருந்தன.

முதல் நாள் அந்த நிலையத்தின் இயன்முறை சிகிச்சையாளர் என்னைக் கையைத் தூக்கவே விடவில்லை. நிலைக்கண்ணாடிக்கு முன் நிற்கவைத்து, தோள்பட்டை எலும்பின் கீழ்முனை இருக்கும் இடத்தில் ரவிக்கையின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டரை ஒட்டினார். "இப்ப மெதுவாத் தூக்குங்க டீச்சர்" என்று சொல்லி, அந்தப் பிளாஸ்டர் எங்கே போகிறது என்று தன் போனில் படம் எடுத்துக் காட்டினார். இடது பக்கத்தில் கை பாதி தூரம் போன பிறகே அது நன்றாக நகரத் தொடங்கியது. வலது பக்கத்தில் கை அசையுமுன்பே அது மேலே குதித்தது. பிறகு அந்த எலும்பின் ஓரத்தில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, "மொதல்ல இதைக் கீழ எறக்குங்க, அப்புறம்தான் கை" என்றார். பார்க்க ஒன்றுமே செய்யாதது போல் தோன்றும் அந்தப் பயிற்சியில் எனக்கு வியர்த்துவிட்டது. கோணமானியை வைத்து அவர் அளந்த அளவில் வெளிப்புறமாகத் திருப்பும் அசைவுதான் மிகவும் குறைந்திருந்தது. தலை சீவுவது ஏன் கனவாகிப் போயிற்று என்பது அப்போது புரிந்தது. வலியைப் பற்றி அவர் வைத்திருந்த கணக்கு எளிமையானது: பயிற்சியின்போது வலிக்கலாம், மறுநாள் காலையில் அந்த வலி தங்கியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

காலை வேளையில் முக்கூடலிலிருந்து ஓர் அம்மா வருவார்கள். பீடி சுற்றுகிறவர்கள். நாள் முழுக்கச் சொளகை (முறத்தை) மடியில் வைத்துக் குனிந்து இலை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டும் வேலையில் தோளும் கழுத்தும் முன்னோக்கி வளைந்தே நின்றுவிடுகின்றன. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலிக் கணக்கு என்பதால், தங்கிச் சிகிச்சை எடுக்கும் யோசனையே அவர்களிடம் எடுபடவில்லை. "கைய நிறுத்துனா கூலியும் நின்னு போவும் டீச்சர்" என்றார்கள். சிகிச்சையாளர் அதற்கு மேல் வற்புறுத்தாமல், சுவரில் முதுகு சாயும்படி உட்காரவும், சொளகை மடியிலிருந்து எடுத்து ஒரு பலகையின் மேல் உயர்த்தி வைக்கவும், ஒவ்வொரு கட்டு முடிந்ததும் தோளைப் பின்னால் இழுத்து விடவும் சொல்லிக் கொடுத்தார். சம்பளத்தோடு விடுப்பு உள்ள எனக்குக் கிடைத்த சிகிச்சை அவர்களுக்குக் கிடைக்க வழியில்லை. என் காப்பீட்டிலும் அறுவை சிகிச்சைக்குப் பணம் உண்டு, அதைத் தவிர்க்க உதவும் வெளிநோயாளிப் பயிற்சிக்கு ஒரு காசும் இல்லை. இந்தக் கணக்கை வகுத்தவர்கள் யாரும் தோள்வலியோடு ஒரு பையைத் தூக்கிப் பார்த்திருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

போகிறவர்கள் ஸ்கேன் அறிக்கையோடு குறுந்தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அறிக்கையில் ஒரு வரியாக இருப்பது படத்தில் வேறு மாதிரி தெரிவதுண்டு. முன்பக்கம் பொத்தான் வைத்த, தளர்வான மேலாடைகள் வேண்டும். இரவில் கைக்குக் கீழே முட்டுக்கொடுக்க ஒரு சிறு தலையணையும் எடுத்துக்கொள்ளுங்கள். லாட்ஜ் தலையணைகள் அதற்கு ஆகா. முதல் நாளே, ஒருவரே தொடர்ந்து பார்ப்பாரா, எத்தனை நேரம் கூடவே இருப்பார் என்று கேட்டுவிடுவது நல்லது.

கை முழுவதும் மேலே போகிறதா என்று கேட்டால், இல்லை. கரும்பலகையின் நடுவரி வரை தோள் ஏறாமல் எழுதுகிறேன்; மேல்வரியை மாணவிகளில் ஒருத்தி எழுதுகிறாள். கிழிசலுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுமா என்பதைக் காலாண்டு விடுமுறையில் மறுபடியும் அளந்து பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் சொல்லுவார். அதற்கும் அதே அறையைச் சொல்லி வைத்திருக்கிறேன். மதினியிடம் இன்னும் சொல்லவில்லை.