விரல் வலிக்கு லேசர் எடுத்துப் பார்த்தேன்

6 வருஷமா மூட்டு முடக்குவாதம், காலைல எந்திரிச்சா விரல் மடங்காது, வெந்நீர்ல கைய விட்டு ஒரு மணி நேரம் உக்காந்தாத்தான் காபி டம்ளரையே புடிக்க முடியும். போன மாசம் பிசியோதெரபிஸ்ட் அக்கா கோல்டு லேசர் (cold, அதாவது சூடு பண்ணாத கம்மி பவர் லேசர்) பாக்கலாமான்னு கேட்டாங்க, லேசர்னதும் சுடுமோன்னு பயந்தேன், ஆனா சூடே தெரியல, ரெண்டு பேரும் கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கிட்டோம், பேனா மாதிரி ஒண்ண ஒவ்வொரு மூட்டுலயும் கொஞ்ச நேரம் வெச்சு எடுத்தாங்க, அவ்ளோதான்.

1967ல ஹங்கேரில எண்ட்ரே மெஸ்டர்ங்கற டாக்டர் முடி மழிச்ச எலி மேல லேசர் அடிச்சப்போ அந்த எடத்துல முடி சீக்கிரமா வளந்துச்சாம், அங்கதான் இது ஆரம்பிச்சது.

8 தடவை போயிட்டேன். நாலாவதுக்கு அப்புறம் இறுக்கம் அரை மணி நேரத்துல விட்டுச்சு, சட்டை பட்டன நானே போட்டேன், அன்னிக்கு அழுதுட்டேன். வீக்கம் அப்படியேதான் இருக்கு, முடக்குவாதத்துக்கு சாப்பிடற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைய நிறுத்தல. வேற ஒரு சென்டர்ல லேசர் போதும் மாத்திரைய விட்ருங்கன்னாங்க, அவ்ளோ கோவம் வந்துச்சு, விட்டா மூட்டு அரிச்சுப் போயிடும், தயவுசெஞ்சு யாரும் அப்படி பண்ணாதீங்க. அடுத்தது வியாழக்கிழமை, இந்த தடவை மணிக்கட்டுக்கும் கேக்கணும்.