உட்கார முடியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்

மனநோய்க்காக ஹாலோபெரிடால் மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் மாலை, என் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. கண்கள் மேலே செருகிக்கொண்டன. அவசரப் பிரிவில் ஒரு ப்ரோமெத்தசின் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கழுத்து தானாகத் தளர்ந்தது. பார்ப்பவர்களுக்குத்தான் அது பயங்கரம். அடுத்து வந்ததற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

இரண்டாவது வாரம் கால்களில் ஆரம்பித்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. உட்கார்ந்தால் எழச் சொல்லும். எழுந்தால் நடக்கச் சொல்லும். நடந்தால் கொஞ்சம் அடங்கும். தட்டைக் கையில் ஏந்தியபடி நடந்துகொண்டே சாப்பிட்டேன். நள்ளிரவு தாண்டியும் அறைக்கும் வாசலுக்கும் நடை. டாக்டரிடம் போய், "ஒரே பதற்றமாக இருக்கிறது" என்றேன். நான் செய்த பிழை அந்த ஒரு சொல்தான். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவன் பதற்றம் என்றால் என்ன நினைப்பார்கள்? நோய் முற்றுகிறது என்று டோஸைக் கூட்டினார்கள். கால்கள் இன்னும் மோசமாயின. இப்படி உயிரோடு இருப்பதற்கு இல்லாமலே போய்விடலாம் என்று தோன்றிய இரவில் தங்கையை எழுப்பிச் சொல்லிவிட்டேன். அவள் விடியும்வரை காத்திருக்காமல் வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

அங்கிருந்த டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "மனதுக்குள் பயமாக இருக்கிறதா, அல்லது உட்கார முடியவில்லையா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நோய் முற்றவில்லை, மருந்தின் பக்கவிளைவு; இதற்குப் பெயர் அகதீசியா. கிரேக்க மொழியில் 'உட்கார முடியாமை' என்றே பொருளாம். ஆஸ்துமா உண்டா என்று விசாரித்து, இல்லை என்றதும் புரோபிரனோலால் எழுதினார். ஹாலோபெரிடாலையும் குறைத்தார். ஒரு வாரத்தில், செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன்.

பிறகு ஆறு வருடம் பெரிதாக ஒன்றுமில்லை. கை நடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில் சேர்ந்தது, அதுவும் பழகிப்போனது. ஒரு நாள் தங்கை கேட்டாள்: "அண்ணா, வாயில் என்ன மென்றுகொண்டிருக்கிறாய்?"

வாயில் எதுவும் இல்லை. கண்ணாடியில் உற்றுப் பார்த்தால் உதடு சாதுவாக அடங்கியிருக்கும். கவனம் வேறெங்காவது போனால்தான் நாக்கு தன் வேலையைத் தொடங்கும். எரிச்சலில் நானே ஹாலோபெரிடாலை நிறுத்திப் பார்த்தேன். முட்டாள்தனம். அசைவு கூடியதுதான் மிச்சம். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை மருந்து நெடுநாள் அடைத்து வைத்திருந்ததில் அவை கூர்மையாகிவிடுகின்றன என்பது பரவலான விளக்கம். உண்டாக்கிய மருந்தே அசைவை ஓரளவு மறைத்தும் வைத்திருக்கும். சட்டென எடுத்தால் மூடி திறந்த கதைதான்.

டாக்டர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை முழங்காலில் வைக்கச் சொன்னார். வாயில் மிட்டாய் ஏதும் இல்லையே, பல்செட் உண்டா என்று கேட்டுக்கொண்டார். பிறகு கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தட்டச் சொன்னார். நானும் பரீட்சைப் பையனைப் போல விரல்களையே பார்த்துத் தட்டினேன். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, அவர் என் விரல்களைப் பார்க்கவில்லை; வாயையும் பாதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்; கூடினால் அசைவு மோசம் என்று பொருள். நாக்குக்கு 3 கிடைத்தது. வாழ்க்கையில் குறைவாக வாங்கியிருக்க வேண்டிய மதிப்பெண்!

டார்டிவ் டிஸ்கைனீசியா என்றார்; இப்படிப்பட்ட மருந்தை நெடுநாள் சாப்பிடுவதால் நம்மை அறியாமல் வரும் அசைவு. நான் நம்பிச் சாப்பிட்டுவந்த டிரைஹெக்சிபெனிடில் இதற்கு உதவாது, கூட்டவும் கூடும் என்று சிறிது சிறிதாக நிறுத்தினார். ஹாலோபெரிடாலின் இடத்துக்கு குவெட்டியபைன் என்ற வேறொரு மனநோய் மருந்து வந்தது, அதுவும் பல வாரங்களில், படிப்படியாக. கடைசியில், அசைவை அடக்க டெட்ராபெனசின். அது மனச்சோர்வைக் கொண்டுவரலாம் என்பதால், நான் சோர்ந்திருக்கிறேனா என்று கவனிக்கும் பொறுப்பைத் தங்கையிடம் கொடுத்தார். அவள் அதை அளவுக்கு மீறியே செய்கிறாள். கொட்டாவி விட்டால்கூட விசாரணை.

மாதம் ஒருமுறை நான் தொலைக்காட்சி பார்க்கும்போது எனக்குத் தெரியாமல் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் எடுத்து வைக்கிறாள். முதல் மாதப் படத்தில் நாக்கு ஓய்வே எடுக்கவில்லை. போன வாரம் எடுத்ததில் இரண்டு முறை எட்டிப் பார்த்தது. மூன்றாவது முறை என்று அவள் சொன்னது, நான் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டது. அதைப் பற்றி இன்னும் சண்டை நடக்கிறது.