வூல்வொர்த் கட்டடத்தின் சுடுமண் தோல்

நியூயார்க்கின் வூல்வொர்த் கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் அத்தனையும் கல் என்றே நினைப்பார்கள். கேஸ் கில்பர்ட் வடிவமைத்து 1913-ல் திறக்கப்பட்ட அந்த 792 அடி கோபுரத்தில், கீழ்த்தளங்கள் சிலவற்றுக்கு மேல் பெரும்பகுதி கிளேஸ் (கண்ணாடி போன்ற பளபளப்புப் பூச்சு) பூசிய சுடுமண். சுமையைத் தாங்குவது உள்ளிருக்கும் எஃகுச் சட்டகம். சுடுமண் அதன் மேல்தோல் மட்டுமே.

இந்தத் துண்டுகள் செங்கல்போலக் கெட்டியானவை அல்ல. பின்பக்கம் திறந்த பெட்டி மாதிரி இருக்கும். ஓட்டின் கனம் ஓர் அங்குலம் சொச்சம். உலோகக் கொக்கிகளால் சட்டகத்தோடு பிடித்து, இணைப்புகளைக் கலவையால் அடைப்பார்கள்.

கோளாறு தொடங்குவது இணைப்பில்தான். கலவை உதிர்ந்த இடத்தில் மழைநீர் இறங்கும். கிளேஸ் மூடியிருப்பதால் உள்ளே போன ஈரம் முகப்பு வழியாகக் காய வழியில்லை. கொக்கி துருப்பிடிக்கும், துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அந்த நெருக்கலில் துண்டு வெடிக்கும். குளிரில் உறையும் நீர் கிளேஸைச் செதில் செதிலாக உரிக்கும். போதாக்குறைக்கு, அந்தக் காலத்துச் சுவர்கள் பலவற்றில் விரிவு இடைவெளியே, அதாவது சுவர் பருத்தால் நகர்வதற்கு விடும் இடமே, கிடையாது. ஈரம் குடித்துப் பருக்கும் சுடுமண் நகர இடமின்றிச் செங்குத்தாக விரிசல் விடும்.

எது கெட்டது என்று கண்டுபிடிக்க மரச்சுத்தியல் போதும். நல்ல துண்டு கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்தது ‘டொக்’ என்று மழுங்கிப் போகும். கையை முகப்பின் மேல் வைத்துக்கொண்டே தட்டினால் அதிர்வின் வித்தியாசமும் பிடிபடும்.

நீர் வருகிறதே என்று எல்லா இணைப்பையும் சீலன்ட்டால் (நீர் புகாத அடைப்புப் பசையால்) அடைப்பதுதான் பெரிய தவறு. உள்ளிருக்கும் ஈரமும் சிறைப்பட்டுவிடும். கலவை சுடுமண்ணைவிட மென்மையானதாக இருக்க வேண்டும்; கெட்டி சிமென்ட் வைத்தால் விளிம்பு உடையும். அழுக்கெடுக்க மணல் பீய்ச்சினால் கிளேஸே போய்விடும்.

1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய சீரமைப்பில் வூல்வொர்த் கட்டடத்தில் சுமார் 26,000 துண்டுகளைக் கான்கிரீட்டால் மாற்றினார்கள். பல அலங்காரங்கள் அகற்றப்பட்டன. என் கணக்கில் அது பெரிய இழப்பு. வார்ப்புக் கான்கிரீட்டுக்குக் கிளேஸின் ஆழம் வராது. மேல்பூச்சையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

சுடுமண்ணிலேயே மாற்று செய்வதானால், பழைய துண்டிலிருந்து நேரடியாக அச்சு எடுக்காதீர்கள். காய்ந்து சூளையில் வேகும்போது மண் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் சுருங்கும். மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்து அச்செடுத்தால்தான் புதுத் துண்டு பழைய இடத்தில் உட்காரும்.